எண்கள் எச்சரிக்கும், முடிவு மனிதருடையது

பக்தாத் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய மாமேதை அபூபக்ர் அர்ராஸீ (மறைவு கி.பி. 925), நோயாளிகளிடம் தாம் கண்டவற்றைக் குறித்து வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். அக்குறிப்புகளே அன்னாரின் மறைவுக்குப் பின் 'அல்ஹாவீ' எனும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. கவனித்தல், குறித்தல், அதன்பின் முடிவெடுத்தல் என்ற அதே பணியை இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கருவிகளின் துணையோடு கணந்தோறும் செய்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துவிட்ட இப்பகுதியில், விபத்துக்குள்ளான பிள்ளையை 108 ஊர்தியில் கொண்டு சென்றார்கள் என்ற செய்தி நமக்குப் புதிதன்று. கதவுக்கு வெளியே நிற்கும் தாயும் மனைவியும் திரையில் ஓடும் எண்களைக் கண்டு கலங்குகின்றனர். அவ்வெண்கள் கூறுவது யாது?

தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தோன்றும் மாறுதல்கள் ஒன்றுசேரும்போது பேராபத்தின் முன்னறிவிப்பாகலாம். இதற்கென இலண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017இல் திருத்தியது. ஒருவருக்கு நிமிடத்திற்கு மூச்சு 22, இரத்தத்தில் ஆக்சிஜன் 93 விழுக்காடு, நாடித்துடிப்பு 112, காய்ச்சல் 101 டிகிரி எனக் கொள்வோம். முதல் மூன்றுக்கும் தலா 2, காய்ச்சலுக்கு 1. ஆக மொத்தம் 7. இந்த 7ஐத் தொட்டாலே அவசர நிலை. வார்டில் இருப்பவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றுவதா எனத் தாமதமின்றி ஆராய இது வழிகாட்டுகிறது.

நம் மாநிலமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. சென்னை மருத்துவர்கள், இலங்கையில் இத்தகைய பணியைத் தொடங்கியிருந்த அமைப்பினருடன் கைகோத்து 2019இல் இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேட்டைத் தொடங்கினர். நோயின் கடுமை, அளித்த சிகிச்சை, அதன் விளைவு ஆகியவை அதில் பதிவாகின்றன. தம் பிரிவின் நிலையை அறிந்து குறைகளைக் களைய மருத்துவர்களுக்கு அது உதவுகிறது.

எனினும் கருவி பிழையற்றதன்று. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, கறுப்பின நோயாளிகளிடம் உண்மையான ஆக்சிஜன் குறைவைக் காட்டத் தவறுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கும் இது எச்சரிக்கையே. ஆகவேதான் தேர்ந்த மருத்துவர் திரையை மட்டும் நம்பாமல் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் நோக்குகிறார்; ஐயம் எழுந்தால் இரத்தத்தைச் சோதிக்கிறார்.

குடும்பத்தார்க்கும் கடமைகள் உண்டு. நோய் தொடங்கிய நேரம், முன்பிருந்த நோய்கள், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். எந்தக் கருவியும் அவற்றைத் தானாக அறியாது. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அஞ்சாமல், "நேற்றைக்கு இன்று எப்படி?" என்று கேளுங்கள். மருத்துவரிடம் பேசும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். நோயாளியின் விவரம் ஓர் அமானிதம். திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது அவ்வமானிதத்திற்குச் செய்யும் துரோகமாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கப் பணித்தார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். கருவியும் கணக்கும் அக்கயிறு போன்றவை. கட்டுவது நம் கடமை. காப்பது அவன் கருணை. நோயுற்றோர் அனைவர்க்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன்.