படபடப்புக்குப் பின்னால் ஒரு கட்டி

1886-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம். அடிக்கடி நெஞ்சு படபடத்துத் தலைவலியால் அவதிப்பட்டு வந்த 18 வயதுப் பெண் ஒருவர் திடீரென இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது இரண்டு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டி. மருத்துவர் ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் அதைப் பதிவு செய்தார். பல்லாண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் குடும்பத்து உறவினர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள்; ‘ரெட்’ என்ற மரபணுவில் கோளாறு இருந்தது. 2007-ல் அந்த முடிவு வெளியானது. ஒரு மரணத்தின் காரணம் துலங்க 121 ஆண்டுகள்!

சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் அட்ரீனல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம்தான். ஆபத்து வேளையில் அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரந்து உடலை உசுப்பிவிடும். அங்கே வளரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியோ, ஆபத்தே இல்லாதபோதும் அதைக் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் எகிறும், தலை வலிக்கும், வியர்த்து ஊற்றும். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மருத்துவரைப் பார்க்கும்போது அழுத்தம் சரியாகக்கூட இருக்கலாம். ‘மனப்பதற்றம்தான்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நோய் அரியதுதான், படபடப்பு வந்த எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் படபடப்பு, தலைவலி, வியர்வை மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்த்துவிட வேண்டும்.

வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தென்படும் அட்ரீனல் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. இருந்தாலும் மெட்டாநெஃப்ரின் சோதனைக்கு முன்பு பயாப்ஸி ஊசி அவற்றின்மேல் படவே கூடாது. ஃபியோகுரோமோசைட்டோமாவைக் குத்தினால் ஹார்மோன் பொங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டிதான் என்று உறுதியானால், அறுவை சிகிச்சைக்கு முன்பு ஓரிரு வாரம் ஆல்பா பிளாக்கர் மாத்திரை கொடுத்து, சுருங்கிய ரத்தக் குழாய்களைத் தளர்த்துவார்கள். நெஞ்சு அடித்துக்கொள்கிறதே என்று பீட்டா பிளாக்கரை முதலில் கொடுத்தால், குழாய்களை விரிக்கும் வழி அடைபட்டு அழுத்தம் இன்னும் ஏறிவிடும். ஆல்பா முதலில், பீட்டா பிறகு என்ற இந்த வரிசை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து, அது பரவுமா பரவாதா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எலும்பிலோ கல்லீரலிலோ பின்னாளில் தலைகாட்டினால்தான் தெரியும். அதனால் நலமாக இருப்பவர்களும் குறைந்தது 10 ஆண்டுகள், மரபணுக் கோளாறு உள்ளவர்கள் ஆயுள் முழுக்க, ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது.