பிடிவாதக்காரர் யார்?

இருவர் வாதிடும்போது, 'உம்மிடம் பேசிப் பயனில்லை. நீர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று ஒருவர் மற்றவரைச் சாடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அச்சொல்லைக் கேட்டு மனம் மாறியவரை நான் கண்டதில்லை. குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அதனால் பயன் விளையுமா? மருத்துவ வரலாற்று நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது.

வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவரும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் பிரசவக் காய்ச்சல். அங்கே பணியாற்றிய செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய மருத்துவர் இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். மாணவர்கள் பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு தாய்மாரிடம் வருவதே காரணம் என்று 1847இல் முடிவு செய்தார். குளோரின் கலந்த நீரில் அனைவரும் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். 1848இல் முதற் பிரிவின் சாவு, நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று.

ஆயினும் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. தம் கைகளே நோயைக் கொணர்ந்தன என்று ஒப்ப மனமில்லாதவர் சிலர். ஆனால் நியாயமான ஐயம் எழுப்பியவரும் இருந்தனர். நோய்க்கிருமிகளைப் பற்றிய தெளிவு பிறவாத காலம் அது. 'பிணச் சோதனை நடவாத இடங்களிலும் இக்காய்ச்சல் வருகிறதே, எப்படி?' என்று அவர்கள் கேட்டனர். செம்மல்வைஸ் தம் ஆராய்ச்சியை விரிவான நூலாக வெளியிட்டதோ 1861இல்தான். நூலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர் என்றே பழித்துப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவை எதிர்த்தவரை இணங்கச் செய்யவில்லை. 1865இல், தம் 47ஆம் வயதில், தம் கொள்கை பரவலாக ஏற்கப்படுவதைக் காணாமலே அவர் மறைந்தார். பாஸ்டர், லிஸ்டர் ஆகியோரின் ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே தூய கையின் அருமையை மருத்துவ உலகம் உணர்ந்தது. அதுவரை எத்தனையோ தாய்மார் மாண்டனர்.

மாணவர்களே, செம்மல்வைஸின் முடிவு சரியானது. அவர் சினமும் இயல்பானதே. எதிர்த்தவருள் பிடிவாதக்காரர் இருந்ததும் உண்மை. எனினும் அவர் வீசிய பழிச்சொல் ஓர் ஐயத்தையேனும் தீர்த்ததா? இல்லை. ஏனெனில் அது ஆளைப் பற்றியது, பொருளைப் பற்றியதன்று. கேட்க மறுப்பவர் வேறு, கேட்டும் ஐயம் தீராதவர் வேறு. பழிச்சொல் இருவரையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஐயம் தீர்ந்தால் நம்மோடு சேரக்கூடியவரையும் அது எதிரணிக்குத் தள்ளிவிடுகிறது. அதைச் சொன்னவரும், 'இனி இவருக்கு விடை கூற வேண்டியதில்லை' என்று தம் செவியையும் அடைத்துக்கொள்கிறார்.

ஆகவே, அச்சொல் நாவின் நுனிக்கு வரும்போது இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். மாற்றாரின் மறுப்பை, 'ஆம், நான் சொன்னது அதுவே' என்று அவரே ஒப்புமாறு நம்மால் எடுத்துச் சொல்ல முடியுமா? எந்தச் சான்று கிடைத்தால் நாம் நம் கருத்தை மாற்றிக்கொள்வோம்? முதற் கேள்விக்கு விடையில்லையெனில், நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவதற்கும் விடையில்லையெனில், பிடிவாதக்காரரைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.