கொல்லன் பட்டறையில் ஓர் இலை

'இலைவேல்' என்னும் தொடரை முல்லைத்தீவில் ஒரு வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். "இரும்புக்கும் இலைக்கும் என்ன தொடர்பு, ஐயா?" என்று வினவினான் ஒரு மாணவன். படைக்கலத்தின் அலகையும் இலை என்பர். வடிவொப்புமையே காரணம் என்றேன். அவ்விடை அவனுக்குப் போதவில்லை, எனக்குந்தான்.

அன்றிரவு றொபேட் நொக்ஸின் நூலைப் புரட்டினேன். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த அவ்வாங்கிலேயர், 1681இல் வெளிவந்த அந்நூலில் வேடரைப் பற்றியும் எழுதுகின்றார். வில்லேந்திய அவர்கள் இடையிற் சிறு கோடரியொன்றைச் செருகியிருப்பர். மரப்பொந்தைப் பிளந்து தேனெடுக்க அஃது உதவும். அம்பலகு வேண்டின், இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வாறே அடித்து அவ்விடத்தில் வைத்தால், மேலும் இறைச்சி வரும்; மறுத்தால், ஓரிரவு அம்பு வரும்.

நம் வன்னிக் காடுகளிலும் வேடர் வாழ்ந்தனர். காட்டை முற்றும் அறிந்தவரும் இரும்புக்கு ஊரையே நாடவேண்டியிருந்தது. இலையையே அவர் ஓலையாக்கினர். நம்பிக்கையும் அச்சமும் அவ்வோரிலையில் ஒருங்கே தொங்கின.

சொல்லின் பிறப்பு இதுவன்று. ஆயினும் மறுநாள், அகராதியை மூடிவைத்துவிட்டு, அம்மாணவனுக்கு இதனையே சொன்னேன்.