திரும்பக் கற்ற சக்கரம்

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் தேர் ரத வீதி முனைக்கு வந்ததும் கூட்டத்தின் ஓசையே மாறிவிடும். நேர்வீதியில் வடம் பிடிப்பவர்களின் பலம் போதும். முனையில் கட்டை போடுபவர்களின் கண் வேண்டும்.

தேரின் அச்சு அடித்தட்டோடு அசையாமல் பொருந்தியது. காரில் இருப்பதுபோல் முன்சக்கரத்தைத் திருப்பும் ஏற்பாடு அதற்குக் கிடையாது. அதனால் சக்கரத்தடியில் மரக்கட்டை வைக்கிறார்கள். நேராக வைத்தால் சக்கரம் முட்டி நிற்கும். சாய்த்து வைத்தால் கட்டையில் உரசி, வழுக்கி, வேண்டிய பக்கம் விலகும். 450 டன் என்று ஊரார் சொல்லும் தேரை ஒரு மரத்துண்டு திருப்புகிறது.

அந்தக் காலத்து உருளைச் சறுக்குக் காலணிகளுக்கும் இதே சிக்கல்தான். நேராக ஓடும், வளையாது. 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காலணிக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர் மெத்தை வைத்தார். அச்சு சாய்வான முளையில் நிற்பதால், உடம்பை இடப்பக்கம் சாய்த்தால் முன் அச்சு இடப்பக்கமும் பின் அச்சு அதற்கு எதிராகவும் திரும்பும், காலணி வளைந்து ஓடும். நிமிர்ந்தால் ரப்பர் அச்சைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். ஓட்டுபவரின் எடையே சுக்கான்! ஸ்கேட் பலகைக்கு அடியில் இருக்கும் 'டிரக்' இந்த யோசனையின் வாரிசு.

1950களில் கலிபோர்னியாவில் சறுக்குக் காலணியின் அச்சுகளையே பலகையில் அடித்து ஓட்டினார்கள். பலகைக்கென்றே அகலமான டிரக்குகள் வந்தது 1970களில். சாலையைப் பற்றிக்கொள்ளும் யூரித்தேன் சக்கரங்களும் அப்போதுதான் பரவின.

இதே முறையில் சாய்த்துத் திருப்பும் இன்னொரு பலகை, பாயில் பிடித்த காற்றால் தரையில் ஓடும் தரைப்பலகை. அதில் காற்றடைத்த பெரிய டயர்கள் இருக்கும். சில வகைகளில் ரப்பருக்குப் பதில் சுருள்வில். கையில் பாய். பக்கவாட்டில் வீசும் காற்று பாயைத் தள்ளும்போது டயர்கள் பக்கவாட்டில் நகர மறுக்கின்றன. மிஞ்சிய விசை பலகையை முன்னே செலுத்துகிறது. பாயைச் சரியாகப் பிடித்தால் காற்றைவிட வேகமாகவும் போகலாம்.

அந்தக் காற்றுக்கு நெல்லைச் சீமையில் குறையே இல்லை. தேரோடும் ஆனியில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று கிழக்கே பாய்கிறது. கயத்தாற்றுப் பக்கம் ஊரார் காத்தாடி என்று சொல்லும் காற்றாலைகளின் தலைகூட, மோட்டாரின் உதவியோடு காற்று வரும் திசைக்குத் திரும்பிக்கொள்கிறது.

அடுத்த ஆனியில் ரத வீதிக்குப் போகிறவர்கள் முனையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோபுரம்போல் எழுந்த அலங்காரத்தை விட்டுச் சக்கரத்தின் அடியைப் பாருங்கள். கட்டையைச் சாய்த்து வைக்கும் அந்தக் கையையும் பாருங்கள்.