குருவானவர் இல்லாத காலத்தில் கோயிலைக் காத்தவர்கள்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் அடைக்கலம் கொடுப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் பூசையின்றி இருந்தார்கள். ஆயினும் விசுவாசம் அழியவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர்கள் இரவில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார்கள். மாந்தையை விட்டுக் காட்டுக்குள் போன குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தையும் சுமந்து சென்றதே மடுவின் தொடக்கம் என்பது நமது மரபு. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே.

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கடுமையானபோது, 1690இல் வாஸ் அடிகளார் புத்தளத்துக்கு வந்தார். அப்போது அது கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஒரே குரு எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? அதனால் அவர் ஊரூராக மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். கோயிலைப் பராமரிப்பது, ஞாயிறு செபம் நடத்துவது, மறைக்கல்வி கொடுப்பது, சாகக் கிடப்பவருக்குத் துணை நிற்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் கையிலேயே இருந்தன. குரு வருவதற்குள் மக்களை ஆயத்தப்படுத்தி வைத்ததும் அவர்களே.

இன்று நிலைமை வேறு. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் இக்கரைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் பலர், இன்றும் கோயிலின் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள். "இது அவர்களுடைய பங்கு, நாங்கள் வந்தவர்கள்" என்பது அவர்களுடைய எண்ணம். நிவாரண அட்டையோடு கோயில் வாசலுக்கு வந்து பழகியவர்களுக்குக் கோயில் என்றால் கொடுக்கும் இடம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. பிழை அவர்கள் பக்கம் மட்டுமல்ல. வாசகம் வாசிக்க ஆள் தேடும் உள்ளூரவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆயிரமாயிரமாகத் திரளும் நாம், நம் பங்கில் ஞாயிறு மறைப்பள்ளிக்கு யார் படிப்பிக்கிறார் என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம்!

குளத்து நீரில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கும்போது, கடைசி மடைக்காரனும் மண்வெட்டியோடு வந்தான். வராதவன் தண்ணீர் கேட்க நாணினான்.

மொழி ஒரு பெரிய தடை என்பதை மறுக்க முடியாது. இக்கரையில் பல கோயில்களில் பூசை சிங்களத்தில் நடக்கிறது. வாய் திறவாமல் நின்றுவிட்டு வீடு திரும்பும் முதியவரை எல்லாரும் கண்டிருப்போம். திருவழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபடுவது ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கூறியது. உரிமை என்றால் கேட்கலாம். ஒரு வாசகம், ஒரு பாட்டு, மாதத்தில் ஒரு பூசை தமிழில் வேண்டுமென்று பங்குக் குருவிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். அதேபோல் சிங்களப் பதிலுரைகளை நாமும் படிப்போம். பிள்ளைகள் அதை நம்மைவிட வேகமாகப் படித்துவிடுவார்கள்.

குடிசையின் திண்ணையில் நாலு குடும்பம் கூடினால் அன்பியம் தொடங்கலாம். அடுத்த பங்குச் சபைத் தெரிவு வரும்போது, வந்த குடும்பங்களிலிருந்தும் ஒருவர் பெயர் கொடுக்கட்டும். அது ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வீடு போய் வருபவர்கள் அவர்கள்தானே.