ஏடு பெயர்த்து எழுதியவர்கள்

ஒருவன் அடைந்த கீர்த்தியையும் சேர்த்த திரவியத்தையும் கொண்டே அவன் வாழ்வின் பயனைக் கணக்கிடுவது உலக வழக்கம். அக்கணக்கின்படி பார்த்தால், அச்சு இயந்திரம் பரவுவதற்கு முன் தமிழ்நாட்டில் ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்து எழுதி ஜீவனம் செய்தவர்களின் வாழ்க்கை வீணென்றே தீர்ப்பாகும். அவர்கள் கவி பாடிப் பரிசில் பெற்றவர்கள் அல்லர். உரை வகுத்துப் பிரசித்தி அடைந்தவர்களும் அல்லர். பிறர் வேண்டிய நூலைப் பிரதி செய்து கொடுத்து, கிடைத்த கூலியில் குடும்பத்தை நடத்திய சாமானியர்கள்.

வாரிப் பதப்படுத்திய ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியால் வரிவரியாகக் கீறி, எழுத்துத் துலங்கக் கரியும் மஞ்சளும் தடவி ஒரு நூலை முடிப்பது எளிய காரியமன்று. மூல ஏட்டிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஏகாரங்களுக்கு வேற்றுமையிராது. செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து கிடக்கும். இந்நிலையில் பிழைகள் மலிந்ததில் வியப்பில்லை. பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் அவற்றால் நொந்ததும் நியாயமே.

ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். பனையோலை இரண்டு மூன்று நூற்றாண்டுகள் தாங்கினால் அதுவே பெரிது. பிறகு செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாகும். ஆகவே, உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றுவதற்கு முன், அந்நூல் தலைமுறைதோறும் யாரோ ஒருவரால் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அச்சங்கிலி அறுந்த இடத்தில் நேர்ந்த நஷ்டத்திற்கும் சாட்சி உண்டு. புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் அவ்வாறே மறைந்தன.

சில சுவடிகளின் இறுதியில் எழுதியவரின் பெயரும், முடித்த நாளும், தெய்வத்தை வேண்டும் ஒரு தொடரும் காணப்படும். அறுபதாண்டுச் சுற்றில் வரும் வருஷத்தின் பெயரை மட்டும் குறித்தமையால், அவர் எந்த நூற்றாண்டினர் என்பதுகூடப் பலவிடத்தும் விளங்காது. பெரும்பாலான ஏடுகளில் எழுதியவரின் பெயரும் இல்லை.

பதிப்பித்த பேரறிஞர்களைப் போற்றுவது நம் கடமை. அவர்கள் கைக்கு ஏடு வந்து சேரும்வரை அதைக் காத்தளித்த அநாமதேயர்களுக்கும் அப்போற்றுதலில் பங்குண்டு. பெற்றதைத் தன்னால் இயன்ற அளவு சிதையாமல் அடுத்தவனிடம் ஒப்படைத்தவன், புதிதாக எதையும் படைக்கவில்லை என்பதற்காகத் தோற்றவன் ஆகான்.