ஃபார்மட் அடிப்பதற்கு முன்

“அக்கா, அப்டேட் போட்டதுலேர்ந்து சிஸ்டம் ஆன் ஆகல. ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடுங்க.”

காரைக்குடியில் கணினி சர்வீஸ் கடை நடத்தும் என் காதில் அதிகம் விழும் பேச்சு இதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். தவறான அப்டேட்டால் ஒருவருடைய ஃபைல்கள் அழிவது அபூர்வம். அதைச் சரிசெய்யும் அவசரத்தில்தான் பெரும்பாலும் அழிகின்றன. கல்யாண போட்டோ, ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய டாலி கணக்கு, பிள்ளையின் புராஜெக்ட் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்போதே யாரோ ஒருவர் பென்டிரைவைச் செருகி, பார்ட்டிஷன்களை அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருப்பார். அதற்கு அப்புறம் என்னிடம் வருவார்கள். அந்தக் கட்டத்தில் என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

விண்டோஸ் வேறு, உங்கள் ஃபைல்கள் வேறு. இரண்டும் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போவது போன்ற பெரிய அப்டேட்டில் பழைய விண்டோஸ் உடனே அழிவதில்லை. சி டிரைவிலேயே ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 10 நாள் அங்கே இருக்கும். அதற்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ‘கோ பேக்’ என்றொரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸும் அதிலிருந்த புரோகிராம்களும் திரும்ப வந்துவிடும். சொந்த ஃபைல்களை அது தொடாது. அப்டேட்டுக்குப் பிறகு புதிதாகப் போட்ட புரோகிராம்கள் போய்விடும்.

விண்டோஸ் 10 வந்த புதிதில் இந்தத் தவணை 30 நாளாக இருந்தது. 2016-ல் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மாதக் கடைசியில் மட்டும் கணினியைத் திறந்து கணக்கு எழுதும் ஒரு கடைக்காரருக்கு, பிரிண்டர் ஓடவில்லை என்பது தெரியவரும்போதே தவணை முடிந்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் ஒரு கட்டளை கொடுத்து இதை 60 நாள் வரை நீட்டலாம். ஆனால் 10 நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் புதிய விண்டோஸுக்கு மாறுகிறவர்களுக்கு அன்றைக்கே நீட்டிக் கொடுத்துவிடுகிறேன். அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லி அனுப்புவேன். அப்டேட்டுக்குப் பிறகு சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப்பில் எல்லா வரியிலும் டிக் போட்டால், திரும்பிவருவதற்கு இருந்த வழியும் அதோடு போய்விடும்.

விண்டோஸே திறக்கவில்லை என்றாலும் பதற வேண்டியதில்லை. கணினி கிளம்பும்போது பவர் பொத்தானை 10 வினாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்து, அதே மாதிரி அணையுங்கள். இரண்டு முறை தொடர்ந்து கிளம்பத் தவறினால், விண்டோஸ் தானாகவே ரெக்கவரி திரையைக் கொண்டுவரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போனால் இரண்டு வழி இருக்கும். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டைக் கழற்றுவது ஒன்று, பெரிய பதிப்பு மாற்றத்தைக் கழற்றுவது இன்னொன்று. முதலில் சின்னதை முயன்று பாருங்கள். ஆனால் திரையில் அப்டேட்டின் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைக்கவே கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் அது ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், காத்திருங்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கு இன்னொரு கதவு அடைபடும். நீலத் திரையில் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கும். “நான் அப்படி எதையும் போடவே இல்லையே அக்கா” என்பார்கள். உண்மைதான், அவர்கள் போடவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். வாங்கிய அன்று கடைக்காரர் எந்த மெயில் ஐ.டி. போட்டார் என்பதே தெரியாதவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

அந்தச் சாவியின் அருமை 2024 ஜூலை 19 அன்று உலகத்துக்கே தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. நம் நேரப்படி காலை 9.39-க்கு வந்த ஃபைல் அது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் அதை வாங்கிக்கொண்ட கணினிகள் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்னவோ எளிமையானது: சேஃப் மோடில் திறந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும். அதற்கு ஃபார்மட் அடிக்கத் தேவையே இல்லை. ஆனால் சேஃப் மோடுக்குள் நுழைய, பூட்டிய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதனதன் சாவி வேண்டியிருந்தது. கணினி கணினியாக உட்கார்ந்து சாவி அடித்த அந்த டெக்னீஷியன்களை நினைத்து அன்றைக்கு என் மனசு அடித்துக்கொண்டது.

எதுவுமே பலிக்காமல் விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றாலும், முதல் வேலை ஃபைல்களை வெளியே எடுப்பதுதான். இன்னொரு கணினியில் 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டையும் எஃப் 10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓப்பன் கொடுத்து, ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் டிஸ்க் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய ஃபோல்டரை வலது கிளிக்கில் காப்பி செய்து, செருகியிருக்கும் வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்துவிடலாம். நிறைய ஃபைல் இருந்தால் உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி எடுப்பது எனக்கு வசதி.

அப்டேட்டே ஃபைல்களை அழித்ததும் நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டர்களை, உள்ளே இருந்ததோடு சேர்த்து நீக்கிவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த நிறுவனம் சொன்னது, கணினியை முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள் என்பதுதான். அழிந்த ஃபைல், அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை ஹார்ட் டிஸ்க்கில் தங்கியிருக்கும். எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கையும் குறைவு, அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடுகிறது. ஆகவே ஃபைலைக் காணோம் என்றால் கணினியை அணைத்துவிட்டு டிஸ்க்கோடு வாருங்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து அதே டிஸ்க்கில் போட்டால், தேடும் ஃபைல்மீதே அதை எழுதினாலும் எழுதிவிடுவீர்கள்.

அழியாமலே அழிந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி அது, பரிசோதனையைத் தாண்டும் குறுக்குவழியில் உறவுக்காரப் பையன் போட்டிருந்தான். பிரிண்டருக்கு டிரைவர் இல்லை. அதைவிட, “ஏம்மா, பத்து வருசத்துப் பத்திரிகை எல்லாம் கெட்டுப்போச்சு, இங்கிலீசு எழுத்தா வருது” என்று கண் கலங்கிவிட்டார். பேஜ்மேக்கர் ஃபைல்கள் டி டிரைவில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய ஏற்பாடு. ஃபாண்ட் இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து தெரியும். அந்த ஃபாண்ட்கள் பழைய விண்டோஸோடு போயிருந்தன.

பையன் செய்த ஒரு நல்ல காரியம், சி டிரைவை ஃபார்மட் அடிக்காமலே போட்டது. இப்படிப் போட்டால் ‘கோ பேக்’ வேலை செய்யாது, ஆனால் விண்டோஸ் டாட் ஓல்டு உருவாகியிருக்கும். அதற்குள் பழைய விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுசாக இருந்தது. காப்பி எடுத்துப் போட்டதும் மணமக்கள் பெயர்கள் தமிழில் வந்தன. “அண்ணே, ஒண்ணும் போகல, பாருங்க” என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்த பிறகு அவருக்கு விண்டோஸ் 10-ஐயே போட்டுக் கொடுத்தேன். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அந்தக் கணினியிலிருந்து நெட் கேபிளைக் கழற்றச் சொன்னேன். மெயிலும் வாட்ஸ்அப்பும் இனி அவருடைய மகளின் லேப்டாப்பில். வாடிக்கையாளர் அனுப்பும் படங்களை அதில் வைரஸ் ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டுவருகிறார்கள். ஃபாண்ட்களின் ஒரு காப்பி டி டிரைவிலும், இன்னொரு காப்பி அந்த வெளி டிஸ்க்கிலும் இருக்கிறது.